தூங்கிய பெண்ணும் மலர்ச்சி அறையும்

பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது பஞ்சுவின் அம்மா முழங்கைவரை மாவில் இருந்தாள். ரொட்டிக் கடை முதலாளிதான் எடுத்து அவள் காதருகே பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு தேர்வாகியிருக்காம்மா," என்றது ஒரு பெண் குரல். தேனில் ஊறப்போட்டு எடுத்த குரல். "ஒன்பதாம் வகுப்புல இருந்து இந்த மாசம் அவ ஒருத்திதான். நாளைக்கு வந்து ஒருங்கிணைப்பாளரைப் பாருங்க."

எதற்குத் தேர்வானாள் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

பஞ்சுவின் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மகள் இதுவரை எதற்கும் தேர்வானதில்லை. மேடையில் பெயர் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் ரகம். பேச்சு கிடையாது, நடந்தால் காலடிச் சத்தம் கிடையாது. அதனால்தான் வீட்டில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர் விழுந்தது. அப்படிப்பட்ட பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தேர்வு செய்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கண் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுப்பருகில் நின்றவர்கள் எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். உடைந்த பிஸ்கட்டைக்கூட எடை போட்டு விற்கும் முதலாளி, மனம் இளகி, க்ரீம் பன்களாகப் பார்த்து ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்.

"டீச்சருக்குக் குடும்மா. வெறுங்கையோட போகக் கூடாது."

மறுநாள் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கியவன் அவள் தம்பி. டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். வாயும் வைத்திருக்கிறான். பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: இங்கிருந்து யாரும் வெளியேற்றப்படுவதில்லை.

தம்பி அதை இரண்டு தடவை படித்தான். "ஜெயில் வாசல்ல எழுத வேண்டியதை இங்க எழுதி வெச்சிருக்காங்கக்கா," என்றான்.

"சும்மா இருடா. யார் காதுலயாவது விழப்போவுது."

அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. சில வருடங்களுக்கு முன்புவரை அந்தப் பள்ளியில் எதற்கெடுத்தாலும் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். சட்டைப் பொத்தான் இல்லையென்றால் ஒரு வாரம், எதிர்த்துப் பேசினால் ஒரேயடியாக. அப்புறம் மேலிடத்தில் ஓர் உத்தரவு போட்டார்கள். பிள்ளைகளை வெளியேற்றும் பள்ளிகளுக்கு மதிப்பெண் குறையும், வெளியேற்றாத பள்ளிகளுக்குக் கேடயம் கிடைக்கும் என்று. அந்த உத்தரவு வந்த அன்று மத்தியானத்திலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்க ஆரம்பித்தது. இன்னும் அடங்கவில்லை.

பாசத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மையாரை நியமித்தார்கள். அவருடைய பதவியின் பெயர், நடத்தை மலர்ச்சி மற்றும் முழு அரவணைப்பு ஒருங்கிணைப்பாளர். பெயர்ப் பலகை கதவைவிட நீளமாகிவிட்டதால் 'பாளர்' மட்டும் பக்கத்துச் சுவரில் இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் க்ரீம் பன்னை வாங்கிக் கடித்துக்கொண்டே நல்ல செய்தியைச் சொன்னார்.

"உங்க பொண்ணு என்னோட உரையில தூங்கிட்டா."

பஞ்சுவின் அம்மா கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடே இருந்தாள். அதை எப்போது எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன உரை மேடம்?"

"'பிள்ளைகள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி?' முழு மத்தியானமும் பேசினேன். ஒரு பிள்ளை வாயைத் திறக்கல. அவ்வளவு கவனம். உங்க பொண்ணு மட்டும் தூங்கிட்டா."

"அசதியில தூங்கியிருப்பா மேடம். நான் விடியறதுக்கு முன்னாடியே கடைக்குப் போயிடுவேன். சின்னவளை எழுப்பி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பக்கத்து வீட்டுல விட்டுட்டு வர்றது இவதான். அதனாலதான்..."

"அது காரணம்மா," என்று ஒருங்கிணைப்பாளர் கையை உயர்த்தினார். "நாங்க காரணத்துக்குள்ள போறதில்லை. போனா எல்லாப் பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்புறம் திட்டத்துல யாரை வெச்சுக்கறது? பழைய காலமா இருந்தா உங்க பொண்ணை வெளிய அனுப்பியிருப்போம். இப்ப அந்தக் கொடுமை எல்லாம் கிடையாது. உள்ள அனுப்பறோம்."

உள்ளே என்பது மாடிப்படிக்குக் கீழே மூலையில் இருந்த அறை. முன்பு அங்கே விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பந்துகளை எடுத்துவிட்டார்கள், வாசனையை எடுக்க முடியவில்லை. கதவில் 'மலர்ச்சி அறை' என்று பூப்போட்டு எழுதியிருந்தது. உள்ளே இருந்த ஒரே ஜன்னலை, வெளியே பார்த்துப் பிள்ளைகளின் கவனம் சிதறக் கூடாதென்று ஓர் அட்டைப் படத்தால் மூடியிருந்தார்கள். படத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே மலை தெரிந்தது.

பஞ்சு ஒரு ஸ்டூலில், மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் சடங்கு, வட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தப்புச் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். பஞ்சு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். பாதிக்கப்பட்டது உரை என்பதால் அதன் சார்பில் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்தார். சாட்சியாக வகுப்புத் தலைவி வந்திருந்தாள். அவள் ஒருங்கிணைப்பாளரின் ஒரே மகள். பள்ளியே அவளை முதல் ரேங்க் என்றுதான் கூப்பிடும். எந்தக் கேள்விக்கும் முழு மதிப்பெண் விழுகிற மாதிரிதான் பதில் சொல்வாள். மணி என்ன என்று கேட்டால்கூட முன்னுரையோடுதான் ஆரம்பிப்பாள்.

ஒருங்கிணைப்பாளர் ஒரு மஞ்சள் பந்தை எடுத்துக் காட்டினார். "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். மத்தவங்க கேக்கணும். இதுல பெரியவங்க சின்னவங்க பேதமே கிடையாது."

பந்து அவர் கையில் இருந்தது. அவர் பேசினார். மதிப்பைப் பற்றிப் பேசினார், மரியாதையைப் பற்றிப் பேசினார், இந்த வட்டத்தில் எல்லாருக்கும் சமமான வாய்ப்பு உண்டு என்பதை உதாரணங்களோடு பேசினார். உணர்ச்சி மிகும்போது பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பஞ்சுவின் அம்மா இரண்டு தடவை கையை நீட்டினாள். அதை அவர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மேலே பேசினார். கடைசியில் பந்து பஞ்சுவின் மடிக்கு வந்தது. பஞ்சு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடு பிரிந்தது. மணி அடித்துவிட்டது.

"பார்த்தீங்களா," என்றார் ஒருங்கிணைப்பாளர், பந்தை வாங்கிக்கொண்டே. "வாய்ப்புக் கொடுத்தாலும் பேச மாட்டேங்கறா. பிரச்சினை நான் நினைச்சதைவிட ஆழமா இருக்கு."

பஞ்சு மலர்ச்சி அறையிலேயே வைத்துக்கொள்ளப்பட்டாள்.

அங்கே காலையில் ஒரு வேலை உண்டு. சுவரில் சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், குழம்பிய முகம் என்று வரைந்து வைத்திருப்பார்கள். அன்றைக்கு மனசு எப்படியிருக்கிறதோ அந்த முகத்தின் கீழ் பெயரை ஒட்ட வேண்டும். சும்மா இருக்கிற முகம் எதுவும் இல்லாததால் பஞ்சு தினமும் குழம்பிய முகத்தின் கீழ் ஒட்டினாள். நல்ல முன்னேற்றம் என்றார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒன்றும் கிடையாது.

பஞ்சு தனியாக இல்லை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவியவள் வந்தாள். ஒரே சந்தேகத்தை இரண்டு தடவை கேட்டவன் வந்தான். பிரார்த்தனையில் தும்மலை அடக்கத் தெரியாதவன் வந்தான். திட்டம் வெற்றி என்று காட்ட வேண்டுமானால் பயனடைந்தவர்களின் எண்ணிக்கை மாதாமாதம் ஏற வேண்டும். ஏறியது. ஸ்டூல் போதாமல், விளையாட்டுச் சாமான்களில் மிஞ்சிய, தாண்டிப் பழகும் மரக்குதிரைமேல் ஏற்றி உட்கார வைத்தார்கள்.

ஒருநாள் கணக்கு வாத்தியார் ரொட்டி வாங்க வந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பஞ்சுவின் அம்மாவைக் கண்டதும் ரொட்டியை மறந்துவிட்டார்.

"உங்க பொண்ணு அல்ஜீப்ராவை அழகாப் பிடிச்சுக்கிட்டிருந்தாம்மா. பாதியில தூக்கிட்டுப் போயிட்டாங்க. நோட்டுல நாலு கணக்கு எழுதிக் கொடுக்கலாம்னு போனேன். அந்த ரூமுக்குள்ள பாடம் கொண்டு வரக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏன் சார்?"

"பாடம் பிள்ளைகளுக்கு அழுத்தமாம். பரீட்சையும் கிடையாது. மனசு புண்படுமாம்."

"அப்ப பத்தாம் வகுப்புக்கு எப்படிப் போறது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆண்டுத் தேர்வு எழுதினாத்தான் பத்தாம் வகுப்பு. எழுதலன்னா அதே வகுப்புதான்."

"அடுத்த வருஷமும் அந்த ரூம்ல இருந்தா?"

"அடுத்த வருஷமும் மலர்ந்துகிட்டிருப்பா."

பஞ்சுவின் அம்மா அன்று மாவைப் பிசைந்த பிசைவில் பெஞ்சு ஆடியது. அவளே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வீட்டுச் சூழ்நிலை, ஒருவரும் நிறுத்தவில்லை, தானாக நின்றாள். தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே உட்கார வைத்து நிறுத்துவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மறுநாள் வேலைத் துணியோடே போய் நின்றாள்.

"மேடம், எம் பொண்ணு மன்னிப்புக் கேட்டுக்குவா. என்ன வேணாலும் எழுதிக் கொடுப்பா. வகுப்புக்குத் திருப்பி அனுப்பிடுங்க. பரீட்சை எழுதணும் அவ."

"தாராளமா," என்றார் ஒருங்கிணைப்பாளர். "திரும்பி வர்றவங்களுக்குன்னே ஒரு அருமையான வரவேற்பு விழா வெச்சிருக்கோம். நான்தான் விதி எழுதினேன். மாலை உண்டு, கைதட்டல் உண்டு. ஆனா ஒண்ணு, திரும்பி வரணும்னா முதல்ல வெளிய போயிருக்கணும்."

"வகுப்பை விட்டு வெளியதானே மேடம் இருக்கா?"

"இல்லையே. உள்ளதான் இருக்கா. நாங்க யாரையும் வெளிய அனுப்பறதே இல்லை. வாசல்ல பலகை பார்க்கலையா? வெளிய போகாத பிள்ளை எப்படிம்மா திரும்பி வரும்?"

பஞ்சுவின் அம்மா அதை மனசுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னாள்.

"அப்ப தயவுசெஞ்சு அவளை வெளிய அனுப்பிடுங்க மேடம். ஒரே ஒரு நாளைக்கு. உடனே திருப்பிக் கூட்டிட்டு வந்துடறேன்."

ஒருங்கிணைப்பாளர் முகம், தேள் கொட்டிய முகமாயிற்று. எழுந்து தலைமையாசிரியரின் அறைக்குக் கூட்டிப்போனார். தலைமையாசிரியருக்குப் பின்னால் அலமாரி முழுக்கக் கேடயங்கள். அவர் பேசும்போது ஆளைப் பார்க்காமல் கேடயத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் உள்ளவர் என்பதால், நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"நான் பொறுப்புக்கு வந்ததிலிருந்து ஒரு பிள்ளை வெளிய போனதில்லை. ஒண்ணுகூட இல்லை. சில பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. ஆனா வெளிய இல்லை, அது உறுதி. உங்க ஒரு பொண்ணுக்காக இத்தனை கேடயத்தையும் நான் இழக்கணுமா? பிள்ளைங்க மேல அக்கறை இல்லாதவனா இருந்தா கேடயத்தைப் பத்தி நான் ஏம்மா இவ்வளவு கவலைப்படறேன்?"

"அப்ப வேற பள்ளிக்கூடத்துலயாவது சேர்த்துக்கறேன் சார். சர்டிபிகேட் கொடுத்துடுங்க."

"கொடுத்தா ஒரு பிள்ளை போயிட்டதா ஆயிடும். கதவு என்னவோ திறந்துதான் இருக்கு. யாரும் போகக் கூடாது, அவ்வளவுதான்."

ஆனாலும் அவர் ஈரநெஞ்சுக்காரர். அந்தத் தாயின் கவலையை உணர்ந்து, மலர்ச்சி அறையில் இடநெருக்கடி இருப்பதையும் உணர்ந்து, பஞ்சுவுக்கு 'இல்ல மலர்ச்சி' வழங்கினார். அதாவது இனி அவள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வீடும் பள்ளியின் ஒரு பகுதிதான் என்று ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்ததால், வெளியே அனுப்பியதாக ஆகாது.

தம்பி இதைக் கேட்டுவிட்டு டயரைக் கீழே வைத்தான். "நம்ம வீடு ஸ்கூல்ல சேர்த்தியா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப கக்கூஸ் அடைச்சிருக்கே, அதைத் தலைமையாசிரியர் வந்து எடுப்பாரா, ஆள் அனுப்புவாரா? கேட்டுச் சொல்லுக்கா."

பஞ்சு சிரிக்கவில்லை. பழைய கணக்கு நோட்டில் ஏற்கெனவே போட்ட கணக்குகளை அழித்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். புதிய கணக்கு அவளிடம் இல்லை.

ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து ஆள் வந்தான். ஆய்வுக் குழு வருகிறது, பெண்ணை நாளைக்கு அனுப்பவும், தலை வாரி அனுப்பவும் என்று சொன்னான். குழுவுக்குக் கேக்கும் ரொட்டியும் ரொட்டிக் கடையில்தான் சொல்லியிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் பஞ்சுவின் அம்மா.

போனவள் கண்ட காட்சி இது. ஒருங்கிணைப்பாளர் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். வகுப்பில் யாரும் விடுபட்டிருக்கக் கூடாது என்பதால், மலர்ச்சி அறையில் இருந்தவர்களையும் இல்ல மலர்ச்சியில் இருந்தவர்களையும் வாரி எடுத்து வகுப்பில் உட்கார வைத்தாயிற்று. பஞ்சு அவளுடைய பழைய பெஞ்சில், பழைய இடத்தில் இருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குழு முக்கியமாகப் பார்க்கக் கேட்பது மலர்ச்சி அறையை. அது காலியாக இருந்தால் திட்டம் ஏது? பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொல்கிற பிள்ளைகளாக இருக்க வேண்டும். குழு வருகிறது என்று அதே சேதிதான் எல்லாப் பள்ளிக்கும் போகும். எல்லாப் பள்ளியிலும் நன்றாகப் படிக்கிறவர்களை முன்னால் நிறுத்துவார்கள். இங்கே அவர்களைப் பொறுக்கி எடுத்து மலர்ச்சி அறையில் நிறுத்தினார்கள். முன்வரிசையில், அம்மா கையாலேயே ரிப்பன் கட்டப்பட்டு, முதல் ரேங்க் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வுக் குழுத் தலைவர் கனத்த மனிதர். கண் எளிதில் கலங்கும். அதற்காகவே கையில் ஒரு துண்டு வைத்திருந்தார். வகுப்பில் பஞ்சுவைப் பார்த்து, "இங்க யாரையாவது வெளிய அனுப்பறாங்களாம்மா?" என்றார். பஞ்சு எழுந்து, கேட்டும் கேட்காத குரலில், "இல்லைங்க ஐயா," என்றாள். அது உண்மைதான். அவர் திருப்தியோடு மாடிப்படிக்குக் கீழே வந்தார்.

"எவ்வளவு அமைதி," என்றார் மலர்ச்சி அறையைப் பார்த்து. "இவங்களா அடங்காத பிள்ளைங்க? நம்பவே முடியலையே." முதல் ரேங்கின் முன்னால் குனிந்தார். "நீ இங்க வர்றதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தே?"

எதையும் தெரியாது என்று விட்டுவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை. எழுந்து நின்றாள்.

"ரொம்ப மோசமா இருந்தேன் ஐயா. என் மோசத்தை மூணு வகையாப் பிரிக்கலாம். முதலாவது, பெரியவங்க பேசும்போது தூங்குவேன். ரெண்டாவது, ஆசிரியர் நாற்காலியில பசை தடவுவேன். மூணாவது, பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கலாமான்னு திட்டம் போட்டேன்."

ஒருங்கிணைப்பாளர் இருமினார். முழு மதிப்பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் போல என்று மகள் எடுத்துக்கொண்டாள்.

"தீப்பெட்டியும் வாங்கி வெச்சேன் ஐயா."

குழுத் தலைவர் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏம்மா இப்படி? வீட்டுல யாரும் உன்கிட்டப் பேச மாட்டாங்களா?"

முதல் ரேங்க் அதுவரை இல்லாதபடி சற்று யோசித்தாள். "பேசுவாங்க ஐயா. எங்கம்மா பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க."

தட்டோடு பின்னால் நின்ற பஞ்சுவின் அம்மாவுக்கு, அந்தப் பிள்ளை இதை மட்டும் வகை பிரிக்காமல் சொன்னதாகத் தோன்றியது.

"பாவம், பெத்தவங்களே இப்படி," என்று குழுத் தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தார். "நீங்களாவது கிடைச்சீங்களே இவளுக்கு." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தக் குழந்தைங்களை இங்கிருந்து அசைக்காதீங்க. பாதி மலர்ச்சியில எடுத்தா தீப்பெட்டியைத் தேடிப் போயிடும். இன்னைக்கு நான் எப்படிப் பார்த்தேனோ அப்படியே இருக்கணும், அந்த வகுப்பு, இந்த ரூம், எல்லாமே. மத்த பள்ளிக்கூடத்துக்காரங்களை மாசாமாசம் பார்க்க அனுப்பப் போறேன்."

கேடயம் பெரியதாக வந்தது. பஞ்சு வகுப்பில் நிலைத்தாள். முதல் ரேங்க் மலர்ச்சி அறையில் நிலைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் ரொட்டிக் கடைக்கு வந்தார். ஒரு பன் வாங்கினார். தின்னவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சுவின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எம் பொண்ணுக்கு வகுப்புக்குப் போகணுமாம்," என்றார். "பரீட்சை வருதே. தலைமையாசிரியர்கிட்டக் கேட்டேன். வெளிய போனாத்தானே மேடம் திரும்பி வர முடியும், நீங்க எழுதின விதிதானேங்கறார்."

"ஆமா மேடம். நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

"ரூம்ல ஒரு ஆள் குறையக் கூடாது, கூடலாம். வேற ஒருத்தர் வந்தா, மாத்திக்கிற மாதிரி ஏதாவது..." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு சின்னதா ஒரு தப்புப் பண்ணினாப் போதும். யாருக்கும் வலிக்காம. நீங்க சொன்னாக் கேப்பா."

பஞ்சுவின் அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளை ரிப்பனோடு நின்றது கண்ணுக்குள் வந்தது. அதற்காகத் தன் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

"அவளுக்குத் தப்புப் பண்ணத் தெரியாது மேடம். கேட்டதும் தீப்பெட்டி வரைக்கும் யோசிக்கறதுக்கெல்லாம் நல்லாப் படிச்ச பிள்ளைங்களா இருக்கணும்."

ஒருங்கிணைப்பாளர் பன்னை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆனால் சும்மா இருக்கிறவர் அல்ல. அடுத்த வாரமே புதிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. எழுதியவர் அவர்தான். மலர்ச்சிக்குக் காற்று மிக முக்கியம் என்று அது கண்டுபிடித்தது. மலைப் படத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார்கள். மின்விசிறி வந்தது. ஸ்டூல் போய் மேசை நாற்காலி வந்தது. பாடம் அழுத்தமல்ல, பாடம் இல்லாததுதான் அழுத்தம் என்று இரண்டாம் பகுதி சொல்லியது. பரீட்சை மனதைப் புண்படுத்தும் என்றது பழைய கருத்து. அளவாகப் புண்பட்டால் நல்லது. கடைசியாக, ஆழ்ந்த மலர்ச்சிக்குக் கணக்கு உதவும் என்று தெரியவந்ததால், கணக்கு வாத்தியாரை வகுப்பிலிருந்து எடுத்து மலர்ச்சி அறைக்கு மாற்றினார்கள். பள்ளியில் கணக்குக்கு அவர் ஒருவர்தான்.

"பெரிய இடத்துப் பிள்ளை ஒண்ணு போய் உக்காந்தாத்தான் எந்த ரூமுக்கும் ஃபேன் வருது," என்றான் தம்பி. "முன்னமே தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணை நம்மளே தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சிருக்கலாம்."

அல்ஜீப்ரா பாதியில் நின்ற இடத்தில் பஞ்சு மறுபடியும் நின்றாள். முன்பு பாடம் வகுப்பில் இருந்தது, அவள் அறையில் இருந்தாள். இப்போது அவள் வகுப்பில் இருந்தாள், பாடம் அறைக்குப் போய்விட்டது. பரீட்சையில் கணக்குத் தேறாவிட்டால் பத்தாம் வகுப்பு கிடையாது என்பது மட்டும் இடம் மாறவில்லை.

பஞ்சுவின் அம்மா மறுபடியும் அலுவலகத்தில் போய் நின்றாள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. எல்லாரும் பெற்றோர்.

"எம் பொண்ணை மலர்ச்சி அறைக்கே எடுத்துக்குங்க," என்றாள் எழுத்தரிடம். "முன்னாடி அங்கதான் இருந்தா. அனுபவம் உண்டு."

எழுத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நன்னடத்தைச் சான்று இருக்கா?"

"எதுக்கு? தப்புப் பண்ற பிள்ளைங்களுக்கான ரூம்தானே அது?"

"அதனாலதான். ரொம்ப நல்ல பிள்ளைங்களாப் பார்த்துத்தான் எடுக்கறோம். நுழைவுத் தேர்வு இருக்கு. உங்க பொண்ணு ஒருதடவை அங்க இருந்தவளா? அப்ப நடத்தை சரியில்லைன்னுதானே அர்த்தம்? எடுக்க முடியாது. அடுத்தவங்க வாங்க."

அவள் வீட்டுக்கு வந்து, சின்னவளுக்குச் சோறு பிசைந்தபடி நடந்ததைச் சொன்னாள். பஞ்சு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததில் அதிசயமில்லை என்பதால் அம்மா அதைக் கவனிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய வாரம், வெளியூர்ப் பள்ளியிலிருந்து சிலர் மலர்ச்சித் திட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். கேக் கொண்டு போக வேண்டியிருந்தது. பஞ்சுவின் அம்மா தட்டோடு பள்ளியின் பக்கவாட்டுத் தெருவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மலர்ச்சி அறையின் ஜன்னலுக்கு வெளியே, தெருவில், சுவரை ஒட்டி ஒன்பதாம் வகுப்பு நின்றுகொண்டிருந்தது. படிகளைத் தாவியவள், சந்தேகம் கேட்டவன், தும்மியவன், எல்லாரும். முன்னால் நிற்பவன் முதுகில் நோட்டை வைத்துப் பின்னால் நிற்பவன் எழுதிக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் பஞ்சு. உள்ளே கணக்கு வாத்தியார், ஒன்றும் தெரியாதவர் போல, கரும்பலகையை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் போட்டிருந்தார். சத்தம் போட்டுப் பேசினார். ஜன்னல் ஓரத்து மேசையில் முதல் ரேங்க் உட்கார்ந்து, வெளியே கோடு போட முடியாமல் தவித்த ஒருத்திக்கு ஸ்கேலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் காவலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஏங்க, இவங்களை நீங்க தடுக்கலையா?" என்றாள்.

"பிள்ளைங்களை யாராவது வெளிய அனுப்பினாத் தடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா. இவங்க தானாப் போறாங்க. அதுக்கு உத்தரவு வரல."

அப்போது தலைமையாசிரியர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு மலர்ச்சி அறைக்குள் வந்தார். விருந்தினர்களில் ஒருவர் ஜன்னல் வழியே தெருவில் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"சார், அந்தப் பிள்ளைங்க ஏன் வெளிய நிக்கறாங்க?"

"யாரு?" தலைமையாசிரியர் நிதானமாகப் பார்த்தார். "அவங்களை நாங்க யாரும் வெளிய அனுப்பலையே."

"ஆனா வெளியதானே..."

"அனுப்பாதவங்க எப்படி வெளிய இருக்க முடியும்?"

விருந்தினர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

உள்ளே கணக்கு வாத்தியார் பலகையில் ஒரு கணக்கை எழுதி, சாக்பீஸால் இரண்டு தட்டு தட்டினார். "சொல்லுங்க. எக்ஸோட மதிப்பு என்ன?"

உள்ளே யாரும் எழுந்திருப்பதற்குள் தெருவிலிருந்து ஒரு குரல் விடையைச் சொன்னது. மெல்லிய குரல்தான். ஆனால் தட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்ற அம்மாவின் காதுவரை வந்தது. மேடையில் பெயர் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போகிறவளின் குரல் என்று பெற்றவளுக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது.

"சரியான விடை," என்றார் வாத்தியார்.

"நல்லாச் சொல்றாளே. யாரு அந்தப் பொண்ணு?" என்றார் விருந்தினர், தெருப் பக்கம் எட்டிப் பார்த்து.

தலைமையாசிரியர் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க பொண்ணுதான் சார். உள்ளதான் இருக்கா."